சொந்த ஊரின் வரலாற்றை எழுதுவது எப்படி? கண்மாய்க்கரை முதல் மொய் நோட்டு வரை

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில் ஒரு சின்ன ஊர். ஒரு கண்மாய், இரண்டு கோயில், ஒரு ஊரணி, ஒரு தொடக்கப்பள்ளி, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. சில வருடங்களுக்கு முன்னால் கும்பாபிஷேகம் வந்தபோது மலர் ஒன்று போடலாம் என்று முடிவானது, "நீதான் எழுதுற ஆளாச்சே, ஊரு வரலாறு ஒண்ணு எழுதிக் குடுப்பா" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். பாண்டியர் ஆண்டார்கள், நாயக்கர் வந்தார்கள், சேதுபதி, மருதுபாண்டியர், அப்புறம் வெள்ளைக்காரன், அப்புறம் சுதந்திரம். படித்துப் பார்த்த என் தங்கை கேட்டாள்: "அண்ணே, இதுல நம்ம ஊரு பேரை எடுத்துட்டுப் பக்கத்து ஊரு பேரைப் போட்டாலும் சரியாத்தானே இருக்கும்?"

சரியாகத்தான் இருந்தது, அதுதான் சிக்கல். பன்னிரண்டு பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கி, முடிக்க மூன்று வருடம் ஆனது. கும்பாபிஷேக மலர் நான் இல்லாமலேயே வந்துவிட்டது, அது வேறு கதை. அந்த மூன்று வருடத்தில் எதை எங்கே தேடினேன், எங்கெல்லாம் முட்டிக்கொண்டேன் என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர் டெல்டாவிலோ கொங்குப் பக்கமோ இருந்தால் சில சொற்கள் மாறும், வேலை அதேதான்.

1. எந்த ஊர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். நாம் "எங்க ஊரு" என்று சொல்வது ஒன்று, வருவாய்க் கிராமம் இன்னொன்று, கிராம ஊராட்சி மூன்றாவது. எங்கள் ஊர் ஒரு வருவாய்க் கிராமத்தின் உள்கடைக் கிராமம், அந்த வருவாய்க் கிராமத்தின் பெயரே வேறு. ஊராட்சியிலோ இதுபோல ஐந்து குக்கிராமங்கள் இருக்கின்றன. இது தெரியாமல் தாலுகா அலுவலகத்தில் போய் ஊர்ப்பெயரைச் சொல்லி ஆவணம் கேட்டால் "அப்படி ஒரு ஊரே இல்லையே" என்பார்கள். எனக்கு ஒரு முழு நாள் அப்படித்தான் போனது.

அதனால் ஒரு தாளில் மூன்று பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வருவாய்க் கிராமம், ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம். கூடவே தாலுகாவும் மாவட்டமும் எப்போதெல்லாம் மாறின என்பதையும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல், அதற்கு முன்னால் அது இராமநாதபுரம் மாவட்டம். 1950-இல் அச்சான ஒரு புத்தகத்தில் உங்கள் ஊரைத் தேட வேண்டுமென்றால் பழைய மாவட்டத்தின் கீழேதான் தேட வேண்டும்.

2. ஆவணத்துக்கு முன்னால் கண்மாயைச் சுற்றி நடங்கள்

வறண்ட பூமியில் ஊர் எதனால் அந்த இடத்தில் உட்கார்ந்தது என்பதற்குப் பதில் அநேகமாகத் தண்ணீர்தான். கண்மாய்க்கு மேட்டிலிருந்து தண்ணீர் எந்த வரத்துக்கால் வழியாக வருகிறது, மேலே யாருடைய கண்மாய் இருக்கிறது, மறுகால் பாய்ந்தால் அடுத்து எந்த ஊருக்குப் போகிறது, இந்த மூன்றையும் நடந்தே பாருங்கள். கூட ஒரு வயதானவர் இருந்தால் இன்னும் நல்லது. வரத்துக்கால் பாதி இடத்தில் வேலிக்கருவை மண்டிக் கிடக்கும், அதைக் காட்டிக்கொண்டே அவர் சொல்லும் கதைகளில்தான் பக்கத்து ஊரோடு நமக்கு இருந்த உறவும் சண்டையும் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை ஏன் நின்றுபோனது என்று நான் கண்டுபிடித்தது கலுங்குக் கல்லின் மேல், அதாவது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் கல்கட்டின் மேல், உட்கார்ந்திருந்தபோதுதான். கலுங்கை ஒரு சாண் உயர்த்தியிருக்கிறார்கள், மேல்கோடியில் இருந்தவர்களின் புஞ்சை மூழ்கியிருக்கிறது.

ஒவ்வொரு மடைக்கும் ஒரு பெயர் இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். பழைய கண்மாய்களில் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நட்டு நடுவில் குறுக்குக் கல் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழித் தூம்பு என்பது அதுதான். அடியில் ஒரு கல்தொட்டி, அதன் மேலே தண்ணீர் போக நீரோடித் துளை, கீழே வண்டல் போகச் சேறோடித் துளை. மேல் துளையை அடைத்திருக்கும் கல்லை ஒரு ஆள் முங்கிப்போய்த் தூக்க வேண்டும். அந்தத் தூண்களின் முகப்பைத் தடவிப் பாருங்கள், பல ஊர்களில் தூம்பு செய்து கொடுத்தவன் பெயர் அதில்தான் வெட்டியிருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றியதும் போனால் அடி வரைக்கும் படிக்கலாம்.

அப்புறம் தண்ணீர் திறந்துவிட்டவர் யார் என்று கேளுங்கள். எங்கள் பக்கம் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று சொல்வார்கள், மற்ற பக்கங்களில் நீர்க்கட்டி, கம்புகட்டி என்றும் வழக்கு உண்டு. அவருக்குக் களத்தில் என்ன கூலி, அந்த வேலை எந்தக் குடும்பத்திடம் இருந்தது, எப்போது நின்றது? எங்கள் ஊரில் பம்புசெட் கிணறுகள் பெருகிய பத்து வருடத்துக்குள் அந்த வேலை இல்லாமலே போய்விட்டது.

3. ஊர்ப்பெயர்

இங்கே நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம். மங்கலம், நல்லூர், ஏந்தல், குடி, பட்டி, வலசு என்று பின்னொட்டு ஒரு துப்பு கொடுக்கும். சதுர்வேதிமங்கலம் என்று பழைய பெயர் இருந்தால் பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேயமாக இருந்திருக்கலாம், ஏந்தல் என்றால் சிறு கண்மாயை ஒட்டி வந்த ஊராக இருக்கலாம். அவ்வளவுதான். ராஜா வேட்டைக்கு வந்தபோது இந்த இடத்தில் தண்ணீர் குடித்தார், அதனால் இந்தப் பெயர் என்ற கதை நான் கேட்ட ஏழு ஊரில் இருந்தது. கதையை "ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்" என்று எழுதுங்கள், வரலாறு என்று எழுதாதீர்கள்.

4. கல்வெட்டு இருந்தால்

சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ கல்லால் கட்டியது இருந்தால் அதிட்டானத்தை, அதாவது சுவருக்கு அடியில் இருக்கும் கல் அடித்தளத்தை, சுற்றி வாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ராத்திரியில் ஒரு டார்ச் லைட்டைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் போனில் படமெடுங்கள், பகலில் தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பெயிண்டோ எண்ணெயோ பூசி எழுத்தை எடுப்பாகக் காட்டும் வேலை மட்டும் வேண்டாம். மணல் வீச்சு இயந்திரத்தால் "சுத்தம்" செய்து எழுத்தையே தேய்த்துவிட்ட கோயில்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

உங்கள் ஊர்க் கல்வெட்டு ஏற்கெனவே படியெடுக்கப்பட்டிருக்கலாம். மத்தியத் தொல்லியல் துறை 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகளை வெளியிட்டு வருகிறது, தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற தொகுதிகளும் உண்டு, தமிழகத் தொல்லியல் துறை மாவட்ட வாரியாகத் தொகுதிகள் போட்டிருக்கிறது. நிறைய இப்போது தமிழ் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. தேடும்போது பழைய தாலுகாவின் பெயரில் தேடுங்கள், முதல் படி அதற்குத்தான்.

கல்வெட்டில் இன்றைய ஆண்டு இருக்காது, ஆட்சியாண்டு இருக்கும். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்வோம். "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்று வந்தால் அது முதலாம் பராந்தகன். அவன் பட்டம் 907-இல், கல்வெட்டில் வரும் யாண்டு 12, யாண்டு 14. கூட்டினால் 919, 921. குடவோலை முறையைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டுகள் அவைதான்.

அந்தக் கல்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆட்கள் ஊர் வரலாறு எழுதினால் எந்த ஊராக இருந்தாலும் "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மக்களாட்சி" என்று உத்திரமேரூரைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள். கல்லில் உள்ளதைப் படித்துப் பாருங்கள்: 30 குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. அதாவது அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. அதே ஊரில் உழுதவனுக்கும் களை எடுத்தவளுக்கும் ஓலை கிடையாது. ஆனால் அதில் ஒரு விதி என்னை மிகவும் கவர்ந்தது: வாரியம் எனும் குழுவில் உறுப்பினனாக இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் அடுத்து நிற்க முடியாது. எங்கள் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டினேன். யாரும் பேசவில்லை, டீ வந்துவிட்டது.

கல்வெட்டு இல்லாத ஊர்தான் அதிகம், அதனால் ஊருக்கு ஒன்றும் குறைவில்லை. அடுத்த படிக்குப் போங்கள்.

5. நில ஆவணங்கள்

பலர் இந்தக் கட்டத்தில்தான் களைத்துப் போவார்கள். ஆனால் இதைத் தாண்டினால்தான் ஊர் பிடிபடும்.

முதலில் கிராம வரைபடம். சர்வே அலுவலகத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம். அதில் ஊர் நத்தம், கண்மாய், வண்டிப்பாதை, சுடுகாடு, மந்தை, கோயில் எல்லாம் எங்கே என்று பார்த்து, இன்று நடந்து பார்த்ததோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் ஊரணி இருக்கும், தரையில் கட்டடம் இருக்கும்.

அடுத்து அ-பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா, எவ்வளவு பரப்பு, தீர்வை எவ்வளவு, யார் பெயரில் என்று அதில் இருக்கும். இப்போதைய பதிவை இணையத்திலேயே பார்க்கலாம். பழையது வேண்டுமென்றால் செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேட்க வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம் மாதிரி ஜமீன் பகுதி ஊர்களில் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம்தான் பெரிய கோடு, நிலத்தை அளந்து விவசாயியிடமே அரசு நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி செட்டில்மெண்ட் அதற்குப் பிறகுதான் வந்தது. ரயத்துவாரிப் பகுதிகளில் அதற்கு எத்தனையோ காலம் முந்திய பதிவேடுகள் இருக்கும். பிறகு 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த பட்டா மேம்பாட்டுத் திட்டம். ஊரில் பாதிப் பட்டாத் தகராறுக்கு அதுதான் தாய்வீடு.

அடங்கல் கிடைத்தால் விடாதீர்கள். எந்த வயலில் எந்தப் போகம் என்ன பயிர் என்று வருஷா வருஷம் எழுதியது அது. கம்பு, குதிரைவாலி, வரகு எல்லாம் எந்த வருடத்தில் மறைந்து மிளகாயும் சோளமும் வந்தன என்று அதில் தேதியோடு தெரியும். தேதி பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில் இருக்கும், குழம்ப வேண்டாம், பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு வரும். பசலி 1387 என்றால் 1977 ஜூலை முதல் 1978 ஜூன் வரை.

யாரிடம் கேட்பது? 1980 நவம்பர் வரைக்கும் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணமும் வரி வசூலித்த மணியக்காரரும் இருந்தார்கள், அந்தப் பதவிகளை ஒழித்த பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கைமாறியபோது எல்லாக் கணக்கும் கைமாறவில்லை. பழைய கர்ணம் வீட்டுப் பரணில் இன்னும் மூட்டை கட்டிக் கிடக்கும் ஊர்கள் உண்டு. எங்கள் ஊர் மூட்டையில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது, மீதியில் ஒரு நோட்டில் 1950-களின் மழைக் குறிப்பு இருந்தது. அலுவலகத்தில் கேட்பதற்கு, வருடா வருடம் கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நல்ல சமயம், கிராமக் கணக்கெல்லாம் தாலுகாவுக்கு வந்திருக்கும். மற்ற நேரத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். ஆனால் நேரில் போய் இரண்டு தடவை உட்கார்ந்து பேசினால் மனுவைவிடச் சீக்கிரம் நடக்கும், என் அனுபவத்தில்.

பழைய பத்திரங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஜார்ஜ் ராஜா தலை போட்ட முத்திரைத்தாளில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடம்தான் நமக்குத் தங்கம்: "கிழக்கே இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வடக்கே வண்ணான் துறைக்குத் தெற்கு." இன்று ஊரில் யாருக்கும் தெரியாத வண்ணான் துறை அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

6. மற்றவர்கள் எடுத்த கணக்கு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-இல் தொடங்கியது, நாடு முழுக்க ஒரே சமயத்தில் எடுத்தது 1881-இல். 2011 வரையிலான கணக்கில் ஊர்வாரியாக வீடு எத்தனை, ஆள் எத்தனை, படித்தவர் எத்தனை, தாழ்த்தப்பட்டோர் எத்தனை என்று மாவட்டக் கையேடுகளில் கிடைக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனியாக இருப்பதைப் பாருங்கள். ஆண் எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்: சிங்கப்பூரா, வளைகுடாவா, திருப்பூரா என்று விசாரியுங்கள்.

உங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம் என்றால் அதிர்ஷ்டசாலி. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களில் கணக்கெடுத்தார். வீடு, நிலம், ஏரி, களத்தில் யாருக்கு எவ்வளவு மேரை (விளைச்சலில் பங்கு) என்று எல்லாம் அதில் உண்டு. கணக்கரும் தச்சரும் வண்ணாரும் பூசாரியும் அறுவடையிலிருந்து எவ்வளவு பங்கு பெற்றார்கள் என்பது இவ்வளவு விவரமாக வேறெங்கும் கிடைப்பது அரிது.

ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இருவேல்பட்டுதான் எனக்குப் பாடம். பழைய தென்னாற்காட்டு ஊர் அது. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து மாணவர்களைத் தங்கள் ஊர்களுக்கே அனுப்பினார். அதில் ஒன்று இருவேல்பட்டு. பிறகு 1930-களில், 1981-இல், 2008-இல் என்று ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி அங்கே போனார்கள். ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தைச் சுற்றி இருந்த ஊர், அந்தக் குடும்பத்தின் பிடி தளர்ந்து, கூலிக்காரர்கள் வெளியே வேலை தேடி, எப்படி வேறு ஊரானது என்று தொண்ணூறு ஆண்டுக் கதை அதில் இருக்கிறது. நீங்கள் தொண்ணூறு ஆண்டு காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ஊரில் எத்தனை வீடு, எத்தனை மாடு, எத்தனை ஏர், எத்தனை டிராக்டர், பூட்டிக் கிடக்கும் வீடு எத்தனை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணி எழுதி வையுங்கள். அடுத்து வருபவனுக்கு அதுதான் முதல் கணக்கு.

7. பெரியவர்களிடம் பேசுவது

"எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் ஒரு அப்பத்தாவிடம் கேட்டேன்.

"அப்பத்தா, உங்களுக்கு எத்தனை வயசிருக்கும்?"

"அது என்னத்தைக் கண்டேன். தனுஸ்கோடி போச்சுல்ல, அப்ப உங்க பெரியப்பன் வயித்துல. அதுக்கு முந்தி ஒண்ணு பொறந்து செத்துப்போச்சு."

தனுஷ்கோடி போனது 1964 டிசம்பர். சாதாரணமாகப் பதினெட்டில் கல்யாணம் என்று வைத்தால் அவர் பிறந்தது 1940-களின் நடுவில். இப்படித்தான் பிடிக்க வேண்டும். அதனால் போகும் முன் ஒரு கால அட்டவணை தயார் செய்துகொள்ளுங்கள்: பர்மாவிலிருந்து நடந்து வந்தது 1942, அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, சத்துணவு வந்தது 1982, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர், கலர் டிவி கொடுத்தது 2006-க்குப் பிறகு. இதோடு ஊருக்கே உரிய குறிகளையும் சேருங்கள்: கரண்ட் வந்தது, பஸ் வந்தது, கண்மாய் உடைந்தது. தாது வருஷப் பஞ்சம் 1876-78. அதைப் பார்த்தவர் யாரும் இல்லை என்றாலும் "எங்க பூட்டி சொல்லும்" என்று கற்றாழைக் கிழங்கு தின்ற கதை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

டீக்கடையில் பத்துப்பேர் நடுவில் கேட்டால் ஊர்ப் பெருமைதான் கிடைக்கும், உரக்கப் பேசுகிறவர் மற்றவர்களை அடக்கிவிடுவார். வீட்டில் தனியாகக் கேளுங்கள். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஊரிலேயே பிறந்த ஆண்களுக்கு ஊர் இயல்பாகத் தெரியும், அதனாலேயே அவர்களுக்கு அதைச் சொல்லத் தெரியாது. வாக்கப்பட்டு வந்த பெண்ணுக்கு முதல் நாள் ஊர் எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், பேறுகாலம் யார் பார்த்தது, முதல் தடவை கையில் காசு எப்போது வந்தது, ரேஷன் கடைக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். போனில் பதிவு செய்யும்போது கேட்டுவிட்டே செய்யுங்கள். நடுவில் "இதை எழுதிப்புடாதய்யா" என்றால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். எனக்கு மிகச் சுவையாகக் கிடைத்த மூன்று செய்திகள் இன்னும் நோட்டிலேயே இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும்.

வயதைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிடலாம், ஆனால் நம்பிவிடாதீர்கள். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, அன்றைய தேதிக்கு ஏற்ப வாத்தியாரே ஒரு பிறந்தநாள் போட்டுவிடுவார். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் முக்கால்வாசிப் பேர் மே, ஜூனில் பிறந்திருக்கிறார்கள்.

8. மொய் நோட்டு

யாரும் இதை ஆவணமாக நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் ஊர் வரலாற்றுக்கு இதைவிட நேர்மையான ஆவணம் இல்லை, ஏனென்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அது, பொய் எழுதினால் சண்டை வரும்.

எங்கள் வீட்டில் அத்தை கல்யாணத்து நோட்டு, 1973. நாற்பது பக்க நோட்டு, மேலே மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. முதல் வரி தாய்மாமன். அதன் பிறகு ஊர் ஊராகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொரு ஊர்ப் பெயருக்குக் கீழேயும் ஒரு கோடு. பெரும்பாலும் 1 ரூபாய், 2 ரூபாய். ஒரே ஒரு வரியில் 51 ரூபாய், எதிரே "ரெங்கோன்" என்று அடைமொழி. அவர் பர்மாவிலிருந்து திரும்பி வந்து கடை வைத்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. சிலர் பெயருக்கு நேரே காசு இல்லை, "அரிசி 1 மரக்கால்" என்று இருக்கிறது. இன்னொரு கல்யாணம், 1994 நோட்டு: அரிசி ஒரு வரியில்கூட இல்லை, திருப்பூர் என்று ஒரு புதிய தலைப்பு வந்திருக்கிறது, அதன் கீழே பதினேழு பேர். இருபது வருடத்தில் ஊர் எங்கே போனது என்பது இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது: நான்கைந்து வீட்டில், பத்து வருடத்துக்கு ஒன்றாக நோட்டுகளைக் கேட்டு வாங்கி, ஊர்ப்பெயர்களை மட்டும் எடுத்து எண்ணுங்கள். கொள்வினை கொடுப்பினை எத்தனை தூரம் வரை நீண்டது என்று ஒரு வரைபடமே போடலாம். தொகைகளை எழுதும்போது ஆள் பெயரைப் போடாதீர்கள். எவ்வளவு பழையதானாலும் மொய் மொய்தான்.

இதே மாதிரி வீட்டுக்குள் இருக்கும் மற்றவை: பெயர் வெட்டிய பித்தளை அண்டா, கோயில் குத்துவிளக்கின் அடியில் உபயம், கப்பல் கடிதங்கள், ஜாதக நோட்டு, கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் "இப்படிக்கு" என்பதற்குக் கீழே யார் பெயர் இருக்கிறது, பட்டப்பெயர் எப்போது மறைந்து படிப்புப் பட்டம் எப்போது வந்தது என்று பாருங்கள்.

9. திருவிழாவும் தலைக்கட்டும்

காப்புக் கட்டியதிலிருந்து முளைப்பாரி கரைக்கும் வரை ஒரு முழு திருவிழாவை நோட்டுடன் பின்தொடருங்கள். ஆடல் பாடல் படம் எடுப்பதற்கு ஊரே இருக்கிறது, நீங்கள் பணத்தைப் பின்தொடருங்கள். வரி எப்படிப் பிரிக்கிறார்கள்? கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கைம்பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சில ஊர்களில் அரை வரி, சில ஊர்களில் வரியே இல்லை. வரி இல்லை என்றால் சலுகை மாதிரி தெரியும், ஆனால் வரி கட்டாதவர்க்குக் கூட்டத்தில் பேச்சும் இல்லை. வெளியூர் போனவர்களுக்கு வரி உண்டா, மருமகன் வீட்டோடு இருந்தால் யார் கணக்கில், முதல் மரியாதை யாருக்கு, அது எந்த வருடத்தில் தகராறானது, திருவிழா நின்ற வருடங்கள் எவை என்று கேளுங்கள். திருவிழா நின்றிருந்தால் பின்னால் மழை பொய்த்ததோ வழக்கு நடந்ததோ ஏதோ ஒன்று இருக்கும்.

கிராம சபைக்கும் ஒரு தடவை போய் உட்காருங்கள். முன்பு வருடத்துக்கு நான்கு, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு. தீர்மானப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தால் பத்து வருடமாக அதே சாலையைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

10. ஊருக்கு வெளியே இருக்கும் ஊர்

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். இரண்டாவது வரைவில் "ஊரில் மொத்தம் 120 தலைக்கட்டு" என்று எழுதியிருந்தேன். கோயில் வரி நோட்டிலிருந்து எடுத்த கணக்கு. அதைப் படித்த கல்லூரி மாணவி ஒருத்தி, எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்தவள், ஒரே கேள்விதான் கேட்டாள்: "எங்க நாப்பத்தாறு வீடு எந்த ஊருண்ணே?"

வரி நோட்டில் அவர்கள் இல்லை, அதனால் என் வரலாற்றிலும் இல்லை. மூன்று மாதம் அந்தப் பக்கமே போகாமல் "ஊர்" என்று எழுதியிருக்கிறேன்.

ஆகவே, சேரி அல்லது காலனி எந்த வருடத்தில் எந்த இடத்தில் அமைந்தது, தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள், சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, டீக்கடையில் தனிக் குவளை எப்போது வரை இருந்தது, யார் யார் வீட்டில் பண்ணையாளாக இருந்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடாமல் கண்மாய் வரும் இடத்தில், நிலம் வரும் இடத்தில், பள்ளி வரும் இடத்தில் சேர்த்தே எழுதுங்கள். நில ஆவணத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892-இல் வந்த அரசாணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைத்த நிலங்கள், பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அவை பழைய பதிவேடுகளில் 'டி.சி.' (டிப்ரஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்ற குறிப்போடு இருக்கும். முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால் உங்கள் ஊர் வரலாற்றில் சூடான பக்கம் அதுவாக இருக்கலாம். ஆவண எண்ணோடு மட்டும் எழுதுங்கள், வதந்தியை எழுதாதீர்கள்.

"ஏன்யா பழசைக் கிளறுற, இப்ப எல்லாரும் ஒண்ணாத்தான இருக்கோம்" என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், உறவிலேயே. பேசாமல் கேட்டுக்கொண்டு எழுதினேன்.

11. எழுதுவதும் அச்சிடுவதும்

அரசர்களில் தொடங்காதீர்கள். ஊருக்கு வரும் பாதையிலோ கண்மாய்க் கரையிலோ தொடங்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் எங்கிருந்து கிடைத்தது என்பதை அந்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்: "1973 மொய் நோட்டின்படி", "காலனியில் மூன்று பேர் சொன்னது". இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள், தீர்ப்பு சொல்ல நாம் நாட்டாமை இல்லை. உயிரோடு இருப்பவர்களின் கடன், வழக்கு, காதல் எதுவும் பெயரோடு வரக் கூடாது.

அச்சுக்குப் போகும் முன் ஊரில் வாசித்துக் காட்டுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் ஒரு பாதி வராது, அதனால் மந்தையில் ஒரு நாள், காலனியில் ஒரு நாள் என்று இரண்டு இடத்தில் வாசித்தேன். இரண்டு இடத்திலும் ஒரே பக்கத்துக்குத்தான் சத்தம் வந்தது, கலுங்கு உயர்த்திய பக்கம். 200 பிரதி போதும். பள்ளிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று, மாவட்ட நூலகத்துக்கு ஒன்று தனியாக எடுத்து வையுங்கள், மீதியைக் கல்யாண வீட்டில் கொடுத்தால்கூடத் தீர்ந்துவிடும். பேச்சுப் பதிவுகளையும் ஸ்கேன் செய்த படங்களையும் இரண்டு வெவ்வேறு இடத்தில் சேமியுங்கள். என் முதல் இருபது மணி நேரப் பதிவு ஒரு பழைய போனோடு செத்துப்போனது, அதில் பேசிய இருவர் இன்று இல்லை.

கடைசியாக ஒரு யோசனை, அச்சகக்காரர் வீண் என்று சொன்னார், நான் கேட்கவில்லை: புத்தகத்தின் பின்னால் நான்கு வெற்றுப் பக்கம் விட்டு மேலே "திருத்தங்கள்" என்று மட்டும் போட்டேன். பள்ளிக்கூடத்துப் பிரதியை ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். முதல் பக்கத்தில் யாரோ நடுங்கும் கையெழுத்தில், பச்சை மையில் எழுதியிருந்தார்கள்: "பக்கம் 31. அது நொண்டி மடை இல்லை. நொச்சி மடை. பக்கத்தில் நொச்சிச் செடி நின்றது. நான் பார்த்திருக்கிறேன்."